வாழ்த்துப் பாடலும் பாடாதார் உரிமையும்

கோவை, ஈரோடு, நாமக்கல் என எந்த ஊர்ப் பள்ளியாயினும், காலை வணக்கக் கூட்டம் தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்கக் காண்கிறோம். நம் வட்டத்தின் கூட்டங்களும் அவ்வாறே. அனைவரும் சேர்ந்து பாடுதற்குரிய பாடலில் சமயச் சொல் எவ்வளவு இடம்பெறலாம்? அதனைப் பாட மனம் ஒப்பாத மாணவரை நாம் எவ்வாறு நடத்துவது? இவ்விரு வினாக்களுக்கும் கடந்த நூற்றாண்டு தந்த விடைகளைத் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் இவ்வினா எழுந்தது வந்தே மாதரம் பாடலைப் பற்றியதாகும். பங்கிம் சந்திரரின் ஆனந்தமடம் (1882) நாவலில் இடம்பெற்ற அப்பாடலைப் பாரதியார் தமிழில் பெயர்த்தார். அதன் முதற்சொற்களே சுதேசி இயக்கத்தின் முழக்கமாயின. அவ்வியக்கத்தை நடத்திய வ.உ.சி. 1908 முதல் 1910 வரை நம் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். ஆயினும் பாடலின் பிற்பகுதி தாய்நாட்டைத் துர்க்கையாகவும் திருமகளாகவும் கலைமகளாகவும் போற்றுகின்றது. ஓரிறைக் கொள்கையுடைய இசுலாமியர் அதனைப் பாடத் தயங்கினர். தாகூரின் கருத்தையும் கேட்டறிந்த காங்கிரசுச் செயற்குழு, முதல் இரு பத்திகளை மட்டுமே கூட்டங்களில் பாடுவதென 1937-இல் முடிவு செய்தது.

அதே நெறியைத் தமிழகமும் 1970-இல் மேற்கொண்டது. பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் (1891) நாடகப் பாயிரத்தில் அமைந்த தமிழ்த் தெய்வ வணக்கம், கலைஞர் மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது அரசு விழாக்களின் வாழ்த்தாயிற்று. உலகுகளைப் படைத்தும் காத்தும் அழித்தும் தான் மாறாதிருக்கும் பரம்பொருளைத் தமிழுக்கு உவமை கூறும் பகுதி அப்போது விடப்பட்டது. வடமொழி வழக்கிழந்தது எனும் குறிப்பும், பிற திராவிட மொழிகள் தமிழின் வயிற்றுப் பிறந்தன என்பதும் உடன் நீங்கின. புலவர் வாக்கை வெட்டலாமோ எனின், பதிப்பு நெறிக்கு அது பிழையே. ஆயின் நூலைப் பதிப்பிப்பது வேறு, பலரும் பாடப் பொதுப்பாடல் அமைப்பது வேறு.

எனினும் சமயச் சாயல் முற்றும் நீங்கிற்று என்றல் பொருந்தாது. அணங்கு எனும் சொல் எஞ்சி நின்றது. அச்சொல்லின் முழுப்பொருளை எனக்கு உணர்த்தியவள் ஒரு மாணவி. சில ஆண்டுகட்கு முன் ஒரு விழாவில், வாழ்த்து ஒலிக்கையில் அவள் நிமிர்ந்து நின்றாள். உதடு மட்டும் அசையவில்லை. "தமிழ் இலக்கியம் பயில்பவள் தமிழை வாழ்த்த மறுப்பதா?" என்று கடிந்துகொண்டேன். "தமிழை மதிக்கிறேன், அம்மா. தெய்வமாக வணங்க என் சமயத்தில் இடமில்லை" என்றாள். சங்கப் பாடல் நடத்துகையில் அணங்கு என்பதற்குத் தெய்வம் என்று பொருள் கூறியவள் நானே. எனக்கு விடை தோன்றவில்லை.

விடை நம் அண்டை மாநிலத்தில் தோன்றிய ஒரு வழக்கில் இருந்தது. 1985-இல், கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சார்ந்த மூன்று குழந்தைகள், நாட்டுப்பண் பாடாமைக்காகப் பள்ளியினின்றும் நீக்கப்பட்டனர். நாட்டுப்பண் ஒலிக்கையில் அவர்கள் எழுந்து நின்றனர்; எவர்க்கும் இடையூறு செய்திலர். பண்ணின் சொற்களையும் அவர்கள் பழித்திலர். இறைவனையன்றிப் பிறிதொன்றைப் பாடிப் போற்றலாகாது என்பதே அவர்தம் நம்பிக்கை. உயர் நீதிமன்றம் கைவிட்ட அக்குழந்தைகட்கு உச்ச நீதிமன்றம் 1986 ஆகஸ்டு 11-இல் நீதி வழங்கிற்று. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்பது அதன் பெயர். பாடியே தீர வேண்டும் என எச்சட்டமும் கூறவில்லை. துறைச் சுற்றறிக்கையைக் கொண்டு பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த இயலாது. மரியாதையுடன் எழுந்து நிற்றல் அவமதிப்பாகாது என நீதிபதி சின்னப்ப ரெட்டி விளக்கினார். பேச்சுரிமையுள் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும் என்பது இதனாற் பெறப்படும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943-இல் இதே சபையைச் சார்ந்த மாணவர்களின் கொடிவணக்க வழக்கில் அளித்த தீர்ப்பும் ஈண்டு துணைநின்றது. அந்நாட்டு உறுதிமொழியில் கடவுளைக் குறிக்கும் சொற்கள் 1954-இல் புதிதாகச் சேர்க்கப்பட்டன. நம் பள்ளிகளில் ஓதும் உறுதிமொழியோ, 1962-இல் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் தெலுங்கில் இயற்றியது. அதில் கடவுட் பெயரே இல்லை.

2017 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, பள்ளிகளில் வாரம் ஒருமுறையேனும் வந்தே மாதரம் பாடுமாறு ஆணையிட்டபோதும், தக்க காரணமுடையோரை வற்புறுத்தலாகாது எனச் சேர்த்தே கூறினார். 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. அது பாடப்படுகையில், மாற்றுத்திறனாளிகள் நீங்கலாக அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்பது அரசாணை. கேரளக் குழந்தைகளும் எழுந்தே நின்றனர் என்பது நினைக்கத்தக்கது.

பலரும் பாட வேண்டிச் சில சொற்களை விட்டது ஒரு பண்பாடு. எவ்வளவு விட்டாலும் பாட இயலாதார் சிலர் இருப்பர். அவர்தம் மௌனத்தை மதித்தல் அப்பண்பாட்டின் நிறைவு. மேற்கூறிய தீர்ப்பின் சாரத்தைத் தமிழில் எழுதி, அவ்வாண்டே வகுப்பில் படித்துக் காட்டினேன். அம்மாணவியிடம் என் கடுஞ்சொல்லுக்கு வருத்தமும் தெரிவித்தேன். பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் வாயிலில், வாழ்த்தைப் பாடுவார்க்கும் பாடாது நிற்பார்க்கும் வரவேற்பு ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பது என் வேண்டுகோள்.