கடப்பாக்கத்துக் காணியும் ஐகோர்ட் ரிட்டும்

ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகளை ஒட்டிய கடப்பாக்கத்தில் இன்று ஒருவருடைய பட்டா வேறு பெயருக்கு மாறிவிட்டால், ‘ஐகோர்ட்டில் ஒரு ரிட் போட்டுவிடு’ என்று சொல்ல யாராவது இருப்பார்கள். 1950 ஜனவரி 26-க்கு முன் அப்படிச் சொல்லவே வழியில்லை. பர்லாக்கிமிடி ஜமீன் குடியானவர்கள், குத்தகையை உயர்த்திய ரெவின்யூ போர்டு உத்தரவை ரத்துசெய்யக் கேட்டு வழக்காடியபோது, லண்டன் பிரிவி கவுன்சில் 1943-ல் கையை விரித்துவிட்டது. போர்டு இருந்தது சென்னைப் பட்டணத்தில்தான்; ஆனால் நிலம் இருந்தது கஞ்சம் சீமையில். ரிட் அதிகாரம் பட்டணத்து எல்லையோடு நின்றுவிடும் என்பது தீர்ப்பு. பட்டணத்தைத் தாண்டியதும் தொடங்கும், கடப்பாக்கம் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் கதி அதுவே. போதாக்குறைக்கு, 1935-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 226-வது பிரிவு, வரி வசூல் விவகாரங்களை ஐகோர்ட் நேரடியாக விசாரிப்பதையே தடுத்திருந்தது. பதினைந்து ஆண்டுகளில் அதே எண்ணைத் தாங்கி வந்த அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவுதான் கிராமத்தானுக்கும் ஐகோர்ட் வாசலைத் திறந்துவிட்டது. அந்த வாசலை நான் பெரிதாக மதிக்கிறேன். மதிப்பதால்தான், நிலம் யாருடையது என்ற கேள்வியை அங்கே கொண்டுபோவது தவறு என்கிறேன்.

ரிட் பிறந்தது அதிகாரியின் செயலைத் தட்டிக்கேட்க; இரண்டு பங்காளிகளில் யாருக்குப் பாத்தியதை என்று சொல்ல அல்ல. ரிட் மனு பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களைக் கொண்டே முடிந்துவிடும். முன்சீப் கோர்ட்டிலோ மூலப்பத்திரம் சான்றாவணமாகக் குறியிடப்படும். எழுதிக்கொடுத்தவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் கூண்டில் ஏறுவார்கள். குறுக்கு விசாரணையில் பொய் தடுமாறும். எல்லைத் தகராறு என்றால் கோர்ட் நியமிக்கும் கமிஷனர், சர்வேயரை அழைத்துக்கொண்டு நிலத்துக்கே வருவார். புலப்படத்தைப் பிரித்து, புதரை விலக்கி, பழைய சர்வே கல்லைத் தேடி, சங்கிலி பிடித்து அளந்து, வரைபடத்தோடு அறிக்கை கொடுப்பார். மணல் மேவிய கடலோர மனைகளில் இந்த அளவை இல்லாமல் எந்த நீதிபதியால் எல்லை சொல்ல முடியும்? சுப்ரீம் கோர்ட் 1957-ல் சோகன்லால் வழக்கிலும், 1992-ல் மோகன் பாண்டே வழக்கிலும், 2018-ல் ரோஷினா வழக்கிலும் தனியார் சொத்துத் தகராறுக்கு ரிட் வழியல்ல என்று சொல்லிவிட்டது.

சிவில் வழக்கு தலைமுறைக்கு நீளும், ஏழை எப்படித் தாங்குவான் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அந்தத் தாமதம் நம் நீதித்துறையின் பெருங்குறை. ஆனால் ரிட் தரும் வேகம் பல நேரம் தோற்றமே. ‘மனுவைப் பரிசீலித்து உத்தரவு போடுக’ என்ற ஆணை கைக்கு வரும். தாசில்தார் பரிசீலித்து, மீண்டும் மறுப்பார். இதற்கிடையே எதிராளியின் அனுபோகம் பன்னிரண்டு ஆண்டுக் கெடுவை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். தவறான மன்றத்தில் கழிந்த காலத்தைத் தள்ளிக்கொள்ளக் காலவரையறைச் சட்டத்தில் இடமுண்டு என்றாலும், அதையும் தனியே வாதாடித்தான் பெற வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது: கேடு செய்ததே அரசு என்றால்? அப்போது ரிட்தான் சரி. முறையான கையகப்படுத்தல் இல்லாமல் நிலத்தில் சாலை போட்டாலோ, நோட்டீஸ் தராமல் பட்டாவை ரத்துசெய்தாலோ, அங்கே அரசியல் சட்டத்தின் 300-அ பிரிவும் இயற்கை நீதியும் பேசும். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் தந்த அறிக்கையின் பயனாக, 1892-ல் தாழ்த்தப்பட்டோருக்கு நிபந்தனையோடு நிலம் வழங்க ஆணை பிறந்தது. அந்தப் பஞ்சமி நிலங்கள் அடுத்தவர் கைக்குப் போனபின்பும், நிபந்தனையை அமல்படுத்தும் கடமையுள்ள அதிகாரி சும்மா இருந்தால், அவரை அசைக்க ரிட்டைத் தவிர வேறு நல்ல கருவி இல்லை.

பட்டா தகராறு பெரும்பாலும் இப்படிப்பட்டதல்ல. பங்காளியோ அடுத்த மனைக்காரரோ உரிமையை மறுக்கிறார். தாசில்தார் ஒரு பக்கம் சாய்கிறார். கோபம் தாசில்தார் மேல் போகிறது, வழக்கும் அவர் மேலேயே போகிறது. 1983-ம் ஆண்டு பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தின் 14-வது பிரிவு இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது: உரிமையை மறுப்பவர் மேல் சிவில் கோர்ட்டில் விளம்புகைக்கு வழக்குப் போடலாம், டிகிரி வந்தால், பாஸ்புத்தகப் பதிவை அதன்படி திருத்தியே ஆக வேண்டும்.