மரண சாஸனமும் தாயாதி பாத்தியமும்

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பழம் பெட்டிகளிற் காக்கப்பட்டுவரும் பத்திரங்களுள் உயில்களும் உள. பாட்டனார் எழுதிவைத்தார் என்னும் ஒன்றையே பிடித்துக்கொண்டு வழக்கிற் பொருளிழப்போரும் உளர். ஆதலின் உயில் நம் குடும்பங்களுள் எவ்வாறு நுழைந்தது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

தானத்தையும் பாகத்தையும் விரித்துரைக்கும் நம் தர்ம சாஸ்திரங்கள், இறந்தபின் பலிக்கும்படி எழுதும் சாஸனத்தைத் தனியே கூறவில்லை. மிதாக்ஷரத்தின்படி பிதிரார்ஜிதத்தில் புத்திரனுக்குப் பிறப்பினாலேயே பாத்தியம் உண்டு. பாகம் பிரியாது ஒருவன் இறந்தால் அவன் பங்கு எஞ்சிய பங்காளிகளைச் சாரும். இம்முறையில் உயிலுக்கு இடமேது? கும்பினியார் 1829-ஆம் வருஷத்து 5-ஆவது ரெகுலேஷனில், ஹிந்து தர்மத்துக்கு இணங்கிய அளவிலேயே ஹிந்துக்களின் உயில் செல்லுமென்று விதித்தனர். 1856-இல் சென்னை ராஜதானி வழக்கொன்றில் பிரிவி கவுன்ஸிலார் உயிலெழுதும் உரிமையை ஒப்புக்கொண்டனர். 1870-ஆம் வருஷத்து ஹிந்து உயில் சட்டம் சென்னைப் பட்டணத்தளவில் எழுத்தையும் சாட்சிகளையும் கட்டாயமாக்கிற்று. வெளியூர்களிலோ 1926 முடிய வாய்ச்சொல்லாலும் உயில் செய்யலாம்.

சுயார்ஜிதத்துக்கு இவ்வளவே போதும். துயரம் விளைந்தது பிரிவினையாகாத பங்கிலேதான். ஜீவித காலத்தில் தன் பங்கை விற்க உரிமையுடையவன் அதை உயிலால் ஏன் கொடுத்தல் கூடாது என்னும் வினாவைச் சென்னை உயர்நீதிமன்றத்தார் 1874-இல் தீர்த்தனர். உயில் பலிப்பது உயிர் பிரியும் கணத்தில். பங்காளிகளின் பாத்தியம் எழுவதும் அதே கணத்தில். இரண்டும் மோதுங்கால் முன்னமே வேரூன்றிய பங்காளி பாத்தியமே வெல்லும் என்றனர். தர்க்கம் நுட்பமானதே, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆண் சந்ததியின்றி இறந்தவன் மனைவிக்கும் பெண்மக்களுக்கும் அதனால் எய்தியது யாது? மனைவிக்கு ஜீவனாம்சம், பெண்ணுக்கு விவாகச் செலவு. அதற்கும் தாயாதிகளின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும்.

பிரிந்துகொள்ளும் எண்ணத்தை ஒருவன் ஐயத்துக்கிடமின்றித் தெரிவித்தாலே குடும்பம் பிரிந்ததாகும் என்று 1916-இல் பிரிவி கவுன்ஸிலார் கூறியது ஒரு வழியைத் திறந்தது. அதன்பின் நோயிற் கிடந்தோர் முதலிற் பாக அறிவிப்பும் உடனே உயிலும் எழுதலாயினர். இறக்குமுன் அஞ்சலிற் சேர்த்த அறிவிப்பு, இறந்தபின் பங்காளியின் கையிற் கிடைத்தால் செல்லுமா என்னும் வழக்கும் நம் உயர்நீதிமன்றத்தில் நடந்ததுண்டு. ஒரு ஸ்திரீயின் அன்னவஸ்திரம் தபால்காரர் நடையைப் பற்றி நின்ற காலம் அது!

1937-ஆம் வருஷத்துச் சட்டம் கணவன் பங்கை விதவைக்கு ஆயுள் பரியந்தம் அளித்தது. விளைநிலம் அச்சட்டத்துட் படாதென்று 1941-இல் பெடரல் கோர்ட்டார் தீர்த்தமையால், சென்னை மாகாணத்து நிலங்களுக்கு 1947-இல் தனிச் சட்டம் வேண்டியதாயிற்று. 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டத்தின் 30-ஆவது பிரிவே பிரியாத பங்கையும் உயிலால் கொடுக்கலாமென்றது. தமிழ்நாட்டில் 1989-லும், தேச முழுதும் 2005-லும் புத்திரிகளும் பிறப்புரிமை பெற்ற பங்காளிகளாயினர். ஆகவே இன்று உயிலெழுதும் தந்தை பிதிரார்ஜிதத்திற் கொடுக்கக்கூடியது தன் பங்கு மாத்திரமே. மகளின் பங்கு அவர் கையிலில்லை.

பழைய உயிலை எடுத்துப் பார்ப்போர் அது எழுதிய தேதியோடு நில்லாமல், எழுதியவர் காலமான தேதியையும் விசாரித்தல் வேண்டும். அவர் பாகம் பிரியாமலே 1956 ஜூன் 17-க்கு முன் காலமாயிருந்தால், தம் பிதிரார்ஜிதப் பங்கைக் குறித்து எழுதிய வாசகம் பங்காளிகளைக் கட்டுப்படுத்தாது.