அக்கார்டியனும் ஆசானின் ஆர்மோனியமும்

மஸ்கட்டை விட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு பிலிப்பைன்ஸ்காரரிடமிருந்து பழைய அக்கார்டியன் ஒன்றை வாங்கி வந்தேன். 48 பேஸ், சிவப்பு நிறம். "நாப்பத்தாறு வயசுல இதுவா?" என்றாள் மனைவி. வயசு நாற்பத்தாறுதான், ஆசைக்கு வயசு பத்து.

எங்கள் பாறசாலைப் பக்கம் அக்கார்டியன் என்பது ரேடியோவில் கேட்கிற சமாச்சாரம். எம்.எஸ்.வி. குழுவில் அதை வாசித்தவர் மங்களமூர்த்தி என்பதே எனக்குப் பிற்பாடுதான் தெரியும். கண்ணால் பார்த்தது 'சங்கம்' (1964) படத்தில், ராஜ் கபூரின் தோளில். சொல்லித்தர ஊரில் ஆள் இல்லை. இருந்தது சபையின் ஆர்மோனியமும் அதை வாசித்த ஆசானும்.

"ரெண்டும் ஒரே குடும்பந்தாம்லே மக்கா. காத்துல துடிக்குத ரீடு. இதப் படி" என்பார்.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வியன்னாவில் சிரில் டெமியன் அக்கார்டியனுக்கு உரிமம் வாங்கியது 1829ல். பாரிஸில் டெபெய்ன் ஆர்மோனியத்துக்கு வாங்கியது 1842ல். அது நாற்காலியில் உட்கார்ந்து காலால் மிதிப்பது. தரையில் சம்மணமிட்டு உட்காருகிற நமக்கு எப்படி ஒத்துவரும்? கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875 வாக்கில் அதைக் கையால் துருத்தி அடிக்கிற பெட்டியாக மாற்றினார். அப்புறம் பஜனை, நாடகம், சபை என்று எல்லா இடத்துக்கும் போய்விட்டது. அக்கார்டியனை அப்படி யாரும் நமக்காகத் திருத்தவில்லை. பெரும்பாலும் சினிமா ஸ்டுடியோவோடு நின்றுவிட்டது.

ஆர்மோனியத்துக்கும் நிம்மதி இல்லை. கமகம் வராது என்று 1940ல் அகில இந்திய வானொலி தடை போட்டது. தளர்ந்தது 1971ல்தான்!

வயசைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? 1924ல் எங்கள் பாறசாலையில் பிறந்தவர் பொன்னம்மாள். திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசை அகாடமியில் சேர்ந்த முதல் பெண். நவராத்திரி மண்டபத்தில் பாட அவருக்கு இடம் கிடைத்தது 2006ல். அதுவரை அங்கே எந்தப் பெண்ணும் பாடியதில்லை. அப்போது அவருக்கு 81. மனைவியிடம் இதைச் சொன்னேன். "அவங்க சின்ன வயசுலேயே படிச்சாங்க" என்றாள். நியாயம்தான் :-)

வலது கை பிரச்சினை இல்லை, ஆசான் போட்ட அடித்தளம். இடது கைதான் படுத்துகிறது. ஆர்மோனியத்தில் அதற்குத் துருத்தி வேலை மட்டும். இங்கே துருத்தியையும் இழுக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத பொத்தான்களையும் அழுத்த வேண்டும். 'சி' பொத்தானில் மட்டும் சின்னக் குழி இருக்கும். அதைத் தடவிக் கண்டுபிடித்தால் மேலே 'ஜி', கீழே 'எஃப்'. இரவில் பிள்ளைகள் தூங்கினபிறகு துருத்தியைத் திறக்காமல் குழியை மட்டும் தேடிப் பழகுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஆசானுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"வலது கை நம்ம கை. எடது கை இன்னும் பேங்குல இருக்குலே மக்கா" என்றார்.