உசியாவின் மேட்டிமை: நாளாகமக் கதையின் தோற்றம் குறித்து

யூதாவின் அரசன் உசியா தொழுநோயாளியாக இறந்ததை இராஜாக்களின் இரண்டாம் புத்தகமும் சொல்கிறது, நாளாகமமும் சொல்கிறது. முன்னது (15:5) கர்த்தர் அவனை வாதித்தார் என்பதோடு நின்றுவிடுகிறது. பின்னது (2 நாளா. 26) காரணமும் தருகிறது: பலப்பட்ட அரசன் மேட்டிமைகொண்டு, ஆசாரியருக்கே உரிய தூபத்தைத் தானே காட்ட ஆலயத்துக்குள் நுழைந்தான். இந்தக் காரணம் எங்கிருந்து வந்தது?

யூலியுஸ் வெல்ஹவுசன் 1878இல் வெளியிட்டு, 1883இல் ‘முன்னுரை’ என்ற பெயரில் மறுபதிப்பித்த இஸ்ரவேல் வரலாற்று ஆய்வு இக்கேள்விக்குத் தந்த விடை இன்றும் செல்வாக்கு இழக்கவில்லை. நல்ல அரசனுக்குக் கொடிய நோய் என்பது நாளாகம ஆசிரியரின் தண்டனைக் கோட்பாட்டுக்கு ஒத்துவரவில்லை. ஆகவே நோய்க்கு ஏற்ற பாவம் ஒன்றைப் பிற்கால ஆசாரியச் சட்டத்தின் துணையோடு அவர் படைத்துக்கொண்டார் என்பது அதன் சாரம். சாலொமோன் தூபங்காட்டியதை 1 இராஜா. 9:25 குற்றமாகச் சொல்லாதது இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. அந்த அளவில் அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் காரணம் மட்டுமே தேவைப்பட்டிருந்தால், அது கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. நோயைச் சொல்லும் வசனத்துக்கு முந்திய வசனமே (2 இராஜா. 15:4) உசியாவின் காலத்தில் மேடைகள் அகற்றப்படவில்லை என்று குறைகூறுகிறது. நாளாகம ஆசிரியர் 15:3ஐ ஏறக்குறைய அப்படியே எடுத்தாண்டுவிட்டு, 15:4ஐ விட்டுவிடுகிறார். பாவம் தேடி அலைந்தவர் எழுதிவைத்த பாவத்தை ஏன் தள்ளினார்? வெல்ஹவுசனின் விளக்கத்தில் இதற்கு இடமில்லை.

கதையின் போக்கையும் கவனிக்க வேண்டும். உசியா ஆலயத்துக்குள் நுழைந்தபோது நோய் வரவில்லை. ஆசாரியன் அசரியா, 80 ஆசாரியரோடு பின்தொடர்ந்து வந்து எச்சரிக்கிறான். தூபகலசத்தைக் கையில் பிடித்தபடி அரசன் அவர்கள்மேல் கோபங்கொள்ளும்போதுதான் நெற்றியில் நோய் தோன்றுகிறது (26:19). சட்டத்தை மீறியது மட்டுமே குற்றமென்றால் வாசலைத் தாண்டியதுமே தண்டனை வந்திருக்க வேண்டும். ஆசிரியர் எச்சரிப்புக்கு இடம் விட்டு, அது உதறப்பட்ட பிறகே தண்டனையை வைக்கிறார்.

மற்ற அரசர்களின் வரலாறும் இதற்கு ஒத்துப்போகிறது. எசேக்கியாவும் மேட்டிமைகொண்டான், தன்னைத் தாழ்த்தினான், அவன் நாளில் கோபம் வரவில்லை (32:25–26). ரெகொபெயாம் தாழ்த்தினான், மனாசேயும் தாழ்த்தினான். உசியாவைப் பற்றியோ அப்படி ஒரு சொல் இல்லை. கோபுரங்களையும் துரவுகளையும் 3,07,500 பேர் கொண்ட சேனையையும் ஆசிரியர் பெருமையோடுதான் பட்டியலிடுகிறார். பலம் அவருக்குக் குற்றமில்லை. அது கிடைத்த உதவி என்பதை மறப்பதே குற்றம்.

கதைக்கு முன்னோடி மரபு இருந்ததா? இங்கே சான்று மெலிது. ஆயினும் ஒரு கல்வெட்டைத் தள்ள முடியாது. ஒலிவ மலையிலுள்ள ரஷ்யக் கன்னிமாடத்தின் சேகரிப்பில் 1931இல் எ. லி. சுகேனிக் கண்டறிந்தது அது. ஏறத்தாழ 35 செ.மீ. சதுரக் கல்லில் நான்கு அராமிய வரிகள்: யூதாவின் அரசன் உசியாவின் எலும்புகள் இங்கே கொண்டுவரப்பட்டன, திறக்கலாகாது என்பது அவற்றின் பொருள். எழுத்தமைதி இரண்டாம் ஆலயக் காலத்தின் இறுதிப் பகுதியைக் காட்டுகிறது. கல் முதலில் இருந்த இடம் தெரியவில்லை.

எலும்புகள் இடம்பெயர்ந்தன என்பதே எனக்கு முக்கியம். எருசலேமில் தாவீது குடும்பத்தாரின் கல்லறைகளை யாரும் தொட்டதில்லை என்று ரபீனியத் தொகுப்பான தொசெப்தா (பாபா பத்ரா 1) சொல்கிறது. இராஜாக்களின் புத்தகம் (15:7) சொல்வதுபோல உசியா பிதாக்களோடு அடக்கமாகியிருந்தால், அவன் எலும்புகளைப் பெயர்த்திருக்க மாட்டார்கள். நாளாகமம் (26:23) சொல்லும் புறநிலத்துக்கும் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் கூறும் தனித் தோட்டத்துக்குமே கல்வெட்டு பொருந்துகிறது. தனி அடக்கம் என்ற செய்தி நாளாகம ஆசிரியரின் கற்பனையன்று என்று துணிகிறேன். ஆனால் கல்லை வெட்டுவித்தவர்கள் நாளாகமத்தைப் படித்தே ஒரு கல்லறைக்கு உசியாவின் பெயரிட்டிருக்கலாம் என்ற ஐயத்துக்கும் இடமுண்டு. கல்லில் நோயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

உசியாவின் ஆட்சிக் காலம் பற்றிய கேள்வியும் தீர்ந்தபாடில்லை. 52 ஆண்டு ஆட்சியை ஆல்பிரைட் கி.மு. 783–742 என்று சுருக்கினார். தீலே இணையாட்சிகளைச் சேர்த்து 792–740 என்றார். நோய் கண்ட ஆண்டு இவற்றைச் சார்ந்தே நகர்கிறது. ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சான்று போதாது.

உசியாவின் தனிக் கல்லறையைப் பற்றிய பழைய செய்தி ஒன்று ஆசிரியரின் கையில் இருந்திருக்கலாம். அதை மேட்டிமையின் வரலாறாக வளர்த்தது அவருடைய பங்கு என்பதே என் முடிவு. அந்த வரலாற்றை நோய்க்கு ஒட்டிய வெறும் காரணமாக வெல்ஹவுசன் படித்தபோது, கண்டிப்புக்குச் செவிசாய்ப்பதே கீழ்ப்படிதல் என்று அரசருக்கும் வரம்பு வகுத்த அதன் உயிர்நாடி அவருக்குத் தப்பிவிட்டது.