குன்றும் கண்மாயும்: மதுரைச் சமவெளியின் நிலவளம் குறித்த வரலாற்று ஆய்வு

மதுரை வட்டாரத்தின் இயற்கை வளங்களைப் பற்றி எழுதும்போது கருங்கல்லைக் கனிமம் என்றும் கண்மாயைப் பாசனம் என்றும் தனித்தனியே பிரித்துப் பேசுவது வழக்கம். இக்கட்டுரை அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. இந்நிலத்தில் குன்றும் கண்மாயும் ஒரே வளத்தின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஆகும். அவ்விரண்டும் இணைந்திருந்த காலத்தையும் பிரிந்த விதத்தையும் இங்கே ஆராயலாம்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் வைகைக் கரையில் அமைந்துள்ளது மதுரை நகரம். வடக்கே சிறுமலையும் அழகர்மலையும், வடகிழக்கே யானைமலையும், மேற்கே நாகமலையும், தென்மேற்கே பசுமலையும் திருப்பரங்குன்றமும் நிற்கின்றன. இவற்றுக்கு இடையிலான நிலம் தென்கிழக்கு நோக்கி மெல்லச் சரிகிறது. அடியில் இருப்பதோ மிகப் பழைய கடினப் பாறை. வெடிப்புகளிலும் மேலே உளுத்துப்போன அடுக்கிலும் மட்டுமே அதில் நீர் தங்கும். ஆண்டு மழை ஏறத்தாழ 850 மி.மீ.; அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சில நாள்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். நிலம் உறிஞ்சாத மழையை நிலத்தின் மேலேயே தேக்கியாக வேண்டும் என்ற நெருக்கடியிலிருந்துதான் இவ்வட்டாரத்தின் நீர் வரலாறு தொடங்குகிறது.

குன்றில் விழும் மழை பாறைச் சரிவில் வழிந்து, வரத்துக்கால் வழியாக முதல் கண்மாயைச் சேரும். அது நிரம்பினால் மிகைநீர் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும். மடை திறந்தால் வயல் நனையும். கோடையில் கண்மாய்க்குள் வெட்டியெடுக்கும் கரம்பை அதே வயலுக்கு உரமாகும். ஆற்றுநீரையும் இம்முறைக்குள் கொண்டுவந்தார்கள். வைகை ஆற்றுப்படுகையில் கிடைத்த பாண்டியன் சேந்தன் காலத்துக் கல்வெட்டு, மதகு அமைத்த செய்தியைச் சொல்கிறது. பாண்டியர் கல்வெட்டுகள் தலைநகரை ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்றே குறிக்கின்றன. ஒரு பேரரசின் தலைநகருக்கே கண்மாயை வைத்து முகவரி எழுதினார்கள் என்பதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

இந்த அமைப்பில் பெரிய மாற்றம் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அரபிக்கடல் நோக்கி ஓடும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் யோசனை பழையது. 1808இல் ஆய்வு செய்த ஜேம்ஸ் கால்டுவெல் அது நடவாது என்றார். 1876–78இன் தாது வருடப் பஞ்சம் அந்தத் தயக்கத்தை உடைத்தது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் எழுந்த அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்த நீர் வைகையில் கலந்து, பேரணையில் பிரிந்து, பெரியார் கால்வாயில் மேலூர் வரை பாய்ந்தது.

பஞ்சம் தின்ற நிலத்தில் நெல் விளைந்தது. பென்னிகுயிக்கை மக்கள் இன்றும் வணங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் மறுபக்கத்தை ஆய்வாளர்கள் போதிய அளவு பேசவில்லை என்றே கருதுகிறேன். தென்மேற்குப் பருவமழையின் நீர் கால்வாயில் வந்து சேர்ந்ததும், கண்மாயை நிரப்பக் குன்றின் ஓடையை நம்பியிருக்க வேண்டிய தேவை குறைந்தது. வரத்துக்கால் தூர்ந்தபோது யாருக்கும் உடனே வலிக்கவில்லை. 1959இல் வைகை அணை வந்தபின் ஊராரின் கவனம் முழுவதும் அணையின் நீர்மட்டத்துக்குப் போனது. கால்வாய் எட்டாத மானாவாரிக் கண்மாய்கள்தாம் அதிகம் நலிந்தன.

கண்மாயோடு உறவு அறுந்த குன்று அதன்பின் வெறும் கல்லாயிற்று. மேலூர் வட்டத்தில் கிரானைட் குவாரிகள் பெருகின. 2012இல் மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் முறைகேடுகளைப் பற்றி அரசுக்கு அறிக்கை அளித்தார். பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. நகரத்தில் கண்மாய் வெறும் மனையாயிற்று. தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் மாநகராட்சிக் கட்டடம் நிற்கிறது. கிருதுமால் நதி சாக்கடையைச் சுமக்கிறது. 2024 அக்டோபரில் பெய்த கனமழையில் செல்லூர்ப் பகுதிக்குள் வெள்ளம் புகுந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

பழைய இணைப்பு பெருமளவு சிதையாமல் நிற்கும் இடம் அரிட்டாபட்டி. தமிழ் பிராமிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் உள்ள குன்றுகளிலேயே சுனைகளும் இருக்கின்றன. அரசின் கணக்குப்படி 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் இப்பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவானது. மக்கள் எழுந்தனர்; 2024 டிசம்பர் 9இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது; 2025 ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

ஒரு சுரங்கம் தடுக்கப்பட்டதால் ஆபத்து நீங்கிவிடவில்லை. குன்றைக் கனிமவளத் துறையும் கண்மாயை நீர்வளத் துறையும் ஓடைப் புறம்போக்கை வருவாய்த் துறையும் தனித்தனிப் பதிவேடுகளில் வைத்திருக்கும்வரை இதே கதை வேறொரு குன்றில் நடக்கும். மதுரை மாவட்டத்தின் ஒவ்வொரு கண்மாய்க்கும் அதற்கு நீர் தரும் குன்றையும் வரத்துக்காலையும் சேர்த்து ஒரே வரைபடம் வரைந்து, அதற்குச் சட்டப் பாதுகாப்பும் அளிக்க வேண்டும்.