கேப் பாயிண்ட்: மூடுபனியில் மறைந்த கலங்கரை விளக்கம்

கேப் பாயிண்ட் என்பது தென்னாப்பிரிக்காவில் கேப் தீபகற்பத்தின் தென்கோடியில் அமைந்த செங்குத்தான பாறை முனை ஆகும். மேசை மலை தேசியப் பூங்காவுக்குள் அடங்கிய இவ்விடம் கேப் டவுன் நகரிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ளது. நன்னம்பிக்கை முனை இதற்கு மேற்கே சற்றுத் தொலைவில் தாழ்வாகத் தெரியும். இரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் பலர்.

உச்சியில் உள்ள பழைய கலங்கரை விளக்கத்தைச் சுற்றிய காட்சி மேடையில்தான் பயணிகள் கூடுகின்றனர். படிக்கட்டில் ஏறிச் செல்லலாம். 'பறக்கும் டச்சுக்காரன்' என்னும் இழுவை ஊர்தியிலும் செல்லலாம். முனையைக் கடக்க முடியாமல் என்றென்றும் அலைவதாக மாலுமிகள் சொல்லிவந்த ஆவிக் கப்பலின் பெயர் அது. மேடையில் இருக்கும் விளக்கம் இப்போது கப்பல்களுக்கு வழிகாட்டுவதில்லை. அதற்கான காரணமே இவ்விடத்தின் வரலாற்றில் முக்கியமான பகுதி.

கடல்வழியும் ஆபத்தும்

போர்த்துக்கீசிய மாலுமி பார்த்தலோமியோ டயஸ் 1488-இல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்றார். போகும்போது கரையை விட்டு வெகுதூரம் விலகிச் சென்றதால் இம்முனையை அவர் காணவில்லை. திரும்பும் வழியில்தான் கண்டார். அவர் 'புயல்களின் முனை' என்று பெயரிட்டதாகவும், இந்தியாவுக்கு வழி பிறக்கும் என்ற எதிர்பார்ப்பில் மன்னர் இரண்டாம் ஜான் அதை 'நன்னம்பிக்கை முனை' என்று மாற்றியதாகவும் கூறுவர். பெயரை மாற்றினாலும் புயல் ஓயவில்லை. 1500-இல் கப்ராலின் தலைமையில் இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பல்களில் ஒன்றில் வந்த டயஸ், இம்முனைப் பகுதிக் கடலிலேயே புயலில் சிக்கி மாண்டார்.

கிழக்கிலிருந்து திரும்பிய கப்பல்களுக்கு வேறொரு ஆபத்தும் இருந்தது. ஹாங்கிளிப் என்னும் முனையைக் கேப் பாயிண்ட் என்று எண்ணி, முன்னதாகவே வடக்கே திரும்பிவிடுவார்கள். அப்படித் திரும்பினால் வெளியேற வழியில்லாத விரிகுடாவுக்குள் போய்ச் சேர்வார்கள். 'பொய் விரிகுடா' என்று பொருள்படும் ஃபால்ஸ் பே என்ற பெயர் அதற்கு வந்தது இதனால்தான். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் கீழ்த்திசைச் சரக்குகள் இந்தக் கடல்வழியாகவே ஐரோப்பாவுக்குச் சென்றன. சோழமண்டலக் கரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அடிமைகளாகக் கேப் குடியேற்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட மக்களும் உண்டு. அவர்களைப் பற்றிய குறிப்பு பயணக் கையேடுகளில் அரிதாகவே இடம்பெறுகிறது.

இரண்டு விளக்கங்கள்

இத்தனை ஆபத்துள்ள இடத்தில் முதல் கலங்கரை விளக்கம் 1860-ஆம் ஆண்டு மே மாதம்தான் ஒளி வீசத் தொடங்கியது. சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான் (அக்கப்பல் இம்முனைவரை வரவில்லை).

விளக்கம் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்பது பொதுவான எண்ணம். கடல்மட்டத்திலிருந்து 238 மீட்டர் உயரத்தில், மலையுச்சியில் இதைக் கட்டியதும் அந்த எண்ணத்தில்தான். ஆனால் அந்த உயரமே வினையாயிற்று. தெளிவான இரவுகளில் ஒளி மிகத் தொலைவிலேயே தெரிந்ததால், முனையைச் சுற்றிவரும் கப்பல்கள் அளவுக்கு மீறி நெருங்கி வந்தன. மூடுபனி கவிந்த இரவுகளிலோ உச்சி முழுவதும் மேகத்துக்குள் மறைந்துவிடும். கீழே கடல் தெளிவாக இருந்தாலும் விளக்கு தெரியாது. பயணிகள் புகழும் உயரம், மாலுமிகளுக்குப் பயன்படாமல் போயிற்று.

1911 ஏப்ரல் 18-இல் லூசிட்டானியா என்னும் போர்த்துக்கீசியப் பயணிகள் கப்பல், முனைக்குத் தெற்கே உள்ள பெல்லோஸ் பாறையில் மோதியது. 1915-இல் ஜெர்மானியர் மூழ்கடித்த, அதே பெயருடைய பிரிட்டிஷ் கப்பலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கப்பலில் இருந்த நூற்றுக்கணக்கானோரில் பெரும்பாலோர் காப்பாற்றப்பட்டனர். உயிர்காப்புப் படகு ஒன்று கவிழ்ந்ததில் சிலர் இறந்தனர். இந்தக் கடல்வழியை முதலில் திறந்த நாட்டின் கப்பலே, அரை நூற்றாண்டுக்கும் மேலாக விளக்கு எரிந்துகொண்டிருந்த முனையின் அருகில் உடைந்தது.

அதன்பின் மேகத்துக்குக் கீழே, கடல்மட்டத்திலிருந்து 87 மீட்டர் உயரத்தில் புதிய விளக்கம் கட்டத் திட்டமிட்டனர். காற்று ஓயாமல் அடிக்கும் பாறை விளிம்பில் நடந்த அந்த வேலை முடிந்து, 1919-இல்தான் புதிய விளக்கு ஏற்றப்பட்டது. பழையது அத்துடன் ஓய்வு பெற்றது.

காப்பகமும் பூங்காவும்

முனைப் பகுதி 1939-இல் இயற்கைக் காப்பகமாக்கப்பட்டது. 1998-இல் உருவான தேசியப் பூங்காவில் இது இணைக்கப்பட்டது. ஃபைன்போஸ் எனப்படும் புதர்த் தாவரங்களுக்காக 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. அட்லாண்டிக் பெருங்கடலும் இந்தியப் பெருங்கடலும் இங்கே சந்திப்பதாகச் சொல்வது வழக்கம். கன்னியாகுமரியில் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பழக்கமான பேச்சுதான். உண்மையில் ஆப்பிரிக்காவின் தென்கோடி, தென்கிழக்கே உள்ள அகுலாஸ் முனையே. பெருங்கடல்களின் எல்லையாக ஏற்கப்பட்டதும் அதுதான்.

பழைய விளக்கத்தின் மேடையிலிருந்து முனையின் விளிம்பை நோக்கி ஒரு நடைபாதை செல்கிறது. புதிய விளக்கத்தைப் பார்க்க விரும்புவோர் அதன் வழியே நடந்து, கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும். வழியில் பபூன் குரங்குகள் தின்பண்டப் பைகளைப் பறித்துச் செல்லும். கையில் உணவை வைத்திருக்காமல் இருப்பது நல்லது.