சிறு வலையமைப்பில் அஞ்சல் வழங்கிப் பாதுகாப்பு

ஓர் அலுவலகமோ கல்லூரியோ சொந்தமாக நடத்தும் அஞ்சல் வழங்கியை, அதாவது மின்னஞ்சல்களைப் பெற்று உரிய இடத்திற்கு அனுப்பும் கணினியை, அயலாரின் முறைகேட்டிலிருந்து காப்பதும் அதன் இயக்கத்தைத் தொடர்ந்து கண்காணிப்பதும் அஞ்சல் வழங்கிப் பாதுகாப்பில் அடங்கும். 1982இல் கணினி அறிவியலாளர் ஜான் போஸ்டல் எழுதிய, அஞ்சல் பரிமாற்றத்திற்கான எஸ்எம்டிபி நெறிமுறையில் அனுப்புநரின் முகவரி மெய்யானதா என்று சோதிக்கும் ஏற்பாடு இல்லாமையால், எவராலும் பிறர் பெயரில் அஞ்சல் விடுக்க இயன்றது. இன்றைய இடர்களில் பெரும்பகுதி இக்குறையிலிருந்தே கிளைத்தது.

இதனை ஈடுசெய்யப் பின்னர் மூன்று முறைகள் உருவாயின. ஒரு களப்பெயரின் சார்பில் அஞ்சல் அனுப்பும் உரிமை பெற்ற வழங்கிகளை, களப்பெயர்களுக்கான டிஎன்எஸ் அமைப்பின் பதிவில் அறிவிப்பது எஸ்பிஎஃப். அஞ்சலில் மறைக்குறி ஒப்பமிடுவது டிகேஐஎம். இவ்விரு சோதனைகளிலும் தேறாத அஞ்சலை என்செய்வது என்பதைப் பெறுநருக்கு அறிவிப்பது, 2015இல் ஆவணமாக வெளியான டிமார்க். எனினும், பயனர் ஒருவரின் கடவுச்சொல் களவாடப்பட்டு, அவ்வழங்கியின் வழியாகவே எரிதங்கள் (வேண்டா அஞ்சல்கள்) அனுப்பப்படுமாயின், அவை மூன்று சோதனைகளிலும் தேறிவிடும் என்பதால், கண்காணிப்பே இங்கு முதன்மையான காப்பாகிறது. அனுப்பக் காத்திருக்கும் அஞ்சல் வரிசை திடீரென நீள்வதும், ஒரே கணக்கில் பல நாடுகளிலிருந்து உள்நுழைவு நிகழ்வதும் இத்தகைய களவின் தெளிவான அறிகுறிகள். கவனியாது விட்டால் வழங்கியின் ஐபி முகவரி கறுப்புப்பட்டியலில் சேர்ந்து, நிறுவனத்தின் நேர்மையான அஞ்சல்களும் மறுக்கப்படும். வழங்கியின் பதிவேடுகளைப் படித்து, தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப இடும் ஐபி முகவரிகளைத் தீச்சுவரில் தடுக்கும் ஃபெயில்2பேன் போன்ற மென்பொருள்கள் கடவுச்சொல்லை ஊகிக்க முயலும் தாக்குதல்களைக் குறைக்கின்றன. ஆயினும் பதிவேட்டை நாள்தோறும் பார்வையிடும் பொறுப்பாளருக்கு அவை மாற்றாகா.